நுகர்வோர் வழக்கில் வென்றுவிட்டீர்கள். பணத்தை வாங்குவது எப்படி? பெங்களூருத் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

நுகர்வோர் ஆணையம் உங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பணத்தை ஆணையம் தானாக முன்வந்து வசூலித்துத் தருவதில்லை. எதிர்தரப்பு கொடுக்காவிட்டால், அதே ஆணையத்தில் நீங்கள் இன்னொரு மனுப் போட வேண்டும். அதற்குப் பெயர் நிறைவேற்று மனு. சமையலறை அலமாரி செய்து தருவதாக முன்பணம் வாங்கிக்கொண்டு, பாதி வேலையோடு போய்விட்ட ஒரு நிறுவனத்தின் மீது நான் வழக்குத் தொடுத்து வென்றேன். வழக்கை நடத்துவதற்குப் பட்ட பாட்டைவிட, வென்ற பணத்தை வாங்கப் பட்ட பாடு பெரிது. ஏனென்றால் புகார் கொடுப்பது எப்படி என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதற்குப் பின் என்ன என்று சொல்ல யாரும் இல்லை. நான் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

இதெல்லாம் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி. இது 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. இணையத்தில் தேடினால் பழைய சட்டத்தின் 25, 27ஆம் பிரிவுகளைப் பற்றிய கட்டுரைகள்தான் முதலில் வந்து நிற்கும். மாவட்ட ஆட்சியருக்கு வசூல் சான்றிதழ் அனுப்புவது பற்றியெல்லாம் அவற்றில் எழுதியிருப்பார்கள். உங்கள் வழக்கு புதிய சட்டத்தின் கீழ் என்றால் அவற்றைப் படித்துக் குழம்ப வேண்டாம். உங்களுக்கான பிரிவுகள் 71, 72.

1. சான்றிட்ட நகலை வாங்குங்கள், கடைசிப் பத்தியைப் படியுங்கள்

தீர்ப்பின் சான்றிட்ட நகல் வழக்கின் தரப்பினருக்கு இலவசம். கூடுதல் நகல் வேண்டுமென்றால் மட்டும் சிறிய கட்டணம் கட்ட வேண்டும். கூடுதலாக ஒன்று வாங்கி வைப்பது நல்லது. முதல் நகல் நிறைவேற்று மனுவோடு போய்விடும். இணையத்திலிருந்து இறக்கிய பிரதி படிப்பதற்குப் போதும், மனுவோடு வைக்க முத்திரையிட்ட நகல்தான் வேண்டும்.

பெங்களூரு நகர மாவட்டத்துக்கு ஒரே ஆணையம் அல்ல. கூடுதல் ஆணையங்களும் உண்டு. சில சாந்திநகர் பஸ் நிலைய வளாகத்தில் இருக்கின்றன. உங்கள் வழக்கு எந்த ஆணையத்தில் நடந்ததோ அங்கேதான் நகலும் நிறைவேற்று மனுவும். தீர்ப்பின் முதல் பக்கத்தில் ஆணையத்தின் பெயரும் முகவரியும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நகல் கைக்கு வந்ததும் முழுத் தீர்ப்பையும் படிப்பதற்கு முன் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். உத்தரவு அங்கேதான் இருக்கும். அதில் ஐந்து விஷயங்களைக் கோடிட்டுக் கொள்ளுங்கள்: யார் கொடுக்க வேண்டும், அசல் எவ்வளவு, வட்டி எத்தனை சதவீதம், எந்தத் தேதியிலிருந்து, எத்தனை நாளுக்குள். எதிர்தரப்பினர் இரண்டு மூன்று பேர் என்றால், ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ பொறுப்பு என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் முழுத்தொகையையும் அவர்களில் எவரிடமிருந்தும் வசூலிக்கலாம். ஒருவர் மீதான புகார் தள்ளுபடியாகியிருந்தால் அவரை நிறைவேற்று மனுவில் சேர்க்கக் கூடாது.

பெயரிலோ தொகையிலோ எழுத்துப் பிழை இருந்தால் அதைச் சரிசெய்ய 40ஆம் பிரிவின் கீழ் மறுபரிசீலனை மனுப் போடலாம். அதற்குக் கெடு தீர்ப்புத் தேதியிலிருந்து 30 நாள்தான். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பெயரில் ஓர் எழுத்துத் தவறினாலும் பின்னால் வங்கிக் கணக்கை முடக்கும்போது, ‘இந்தப் பெயரில் எங்களிடம் கணக்கு இல்லை’ என்று வங்கி எழுதிக் கொடுத்துவிடும்.

2. நாற்பத்தைந்து நாள் கணக்கு

மாவட்ட ஆணையத்தின் தீர்ப்பை எதிர்த்து மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்ய 45 நாள் அவகாசம். கர்நாடக மாநில ஆணையம் ஹைகிரவுண்ட்ஸ் பகுதியில் பசவ பவனில் இருக்கிறது. பணம் கொடுக்கும்படி உத்தரவு பெற்றவர் மேல்முறையீடு செய்வதென்றால், தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும். இது உங்களுக்கு நல்ல பாதுகாப்பு. அந்தப் பணம் அங்கே கிடக்கும். மேல்முறையீட்டில் நீங்கள் வென்றால் அதை விடுவிக்கக் கோரலாம். தாமதமாக வந்தாலும் தகுந்த காரணம் காட்டினால் மாநில ஆணையம் ஏற்றுக்கொள்ளலாம் என்பதால், 45 நாள் முடிந்ததும் ஆபத்து முழுக்க நீங்கிவிட்டதாக எண்ண வேண்டாம். நுகர்வோர் ஆணையங்களின் வழக்குகளுக்கான ஈ-ஜாக்ரிதி இணையதளத்தில் எதிர்தரப்பின் பெயரைப் போட்டு அவ்வப்போது தேடிப் பாருங்கள்.

இந்த இடத்தில் பலரை ஏமாற்றும் பேச்சு ஒன்று உண்டு. ‘நாங்கள் அப்பீல் போட்டுவிட்டோம், இனி உங்கள் தீர்ப்பு செல்லாது’ என்பார்கள். மேல்முறையீடு போட்டதாலேயே தீர்ப்பு நின்றுவிடாது. மாநில ஆணையம் இடைக்காலத் தடை கொடுத்தால்தான் நிற்கும். தடை உத்தரவின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் உங்கள் வேலையைத் தொடருங்கள்.

3. கணக்குத் தாள் போடுங்கள்

என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது இந்த ஒரு தாள். ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன்.

தீர்ப்பு இப்படி என்று வைத்துக்கொள்வோம்: முன்பணம் 2,40,000 ரூபாயை 2022 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 9 சதவீத வட்டியுடன் திருப்பித் தர வேண்டும், மன உளைச்சலுக்கு இழப்பீடு 20,000, வழக்குச் செலவு 10,000. நீங்கள் 2024 செப்டம்பர் 30 வரை கணக்குப் போடுகிறீர்கள். ஆண்டு வட்டி 21,600. இரண்டரை ஆண்டுக்கு 54,000. ஆக மொத்தம் 2,40,000 + 54,000 + 20,000 + 10,000 = 3,24,000 ரூபாய். அதற்குப் பிறகு மாதத்துக்கு 1,800 கூடிக்கொண்டே போகும். அந்த மாத வட்டியையும் தாளின் அடியில் எழுதுங்கள். விசாரணைக்கு விசாரணை தள்ளிப்போகும்போது, ‘இன்றைய தேதிக்கு எவ்வளவு?’ என்று ஆணையம் கேட்டால் உடனே பதில் சொல்லலாம்.

தீர்ப்பில் கூட்டுவட்டி என்று இல்லாவிட்டால் தனிவட்டிதான். இழப்பீட்டுக்கும் வழக்குச் செலவுக்கும் வட்டி உண்டு என்று தீர்ப்பு சொல்லாவிட்டால் அவற்றுக்கு நீங்களாக வட்டி போடக் கூடாது. போட்டால் எதிர்தரப்பு வழக்கறிஞர் அதையே பிடித்துக்கொண்டு கணக்கே தவறு என்று ஒரு வாய்தா வாங்கிவிடுவார்.

இடையில் ஒரு லட்சம் கொடுத்தார்கள் என்றால்? அதை அசலில் கழித்து, அசல் இனி 1,40,000தான் என்பது அவர்கள் கணக்கு. பகுதிப் பணம் வந்தால் முதலில் வட்டிக்கும் செலவுக்கும் போக, மீதியே அசலில் கழியும் என்பது பொதுவான சட்ட நிலை. மேலே உள்ள உதாரணத்தில் வட்டி 54,000, செலவு 10,000 போக 36,000தான் அசலில் கழியும். அசல் 2,04,000 நிற்கும். மாத வட்டி 1,530. அவர்கள் கணக்கின்படி 1,050. மாதத்துக்கு 480 ரூபாய் வித்தியாசம், அதோடு அசலிலும் 64,000 வித்தியாசம். இழப்பீடு 20,000 இன்னும் அப்படியே பாக்கி. இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

4. ஒரு கடிதம் அனுப்புங்கள்

தீர்ப்பில் கொடுத்த கெடு முடிந்ததும், தீர்ப்பின் நகல், கணக்குத் தாள், உங்கள் வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் வைத்து, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். சுருக்கமாக, இத்தனை நாளுக்குள் பணம் வராவிட்டால் 71, 72ஆம் பிரிவுகளின் கீழ் மனுப் போடுவேன் என்று இருந்தால் போதும். அஞ்சல் சேர்ந்ததா என்று இணையத்தில் பார்த்து அந்தப் பக்கத்தை அன்றே அச்செடுத்து வையுங்கள். சில மாதம் கழித்துத் தேடினால் அந்தத் தகவல் கிடைக்காமல் போகலாம். ‘வீடு பூட்டியிருந்தது’, ‘வாங்க மறுத்தார்’ என்று திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். அதுவும் ஆவணம்தான்.

5. எதிரில் இருப்பவர் யார் என்று கண்டுபிடியுங்கள்

கடையின் பலகையில் இருக்கும் பெயர் வேறு, சட்டப்படி பணம் கொடுக்க வேண்டியவர் வேறு. பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை எடுங்கள். பதினைந்து இலக்கம். முதல் இரண்டு மாநிலக் குறியீடு: கர்நாடகத்துக்கு 29, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அவர்களுடைய பான் எண். மொத்த எண்ணில் ஆறாவது இடத்தில் உள்ள எழுத்தைப் பாருங்கள். ஆங்கில ‘பி’ என்றால் தனிநபர். ‘எஃப்’ என்றால் பங்குதாரர் நிறுவனம். ‘சி’ என்றால் கம்பெனி. ஜிஎஸ்டி இணையதளத்தில் இந்த எண்ணைத் தட்டினால் சட்டப்பூர்வப் பெயரும் பதிவு நிலையும் இலவசமாகவே கிடைக்கும்.

இதனால் என்ன பயன்? தனிநபர் நடத்தும் கடை என்றால் கடையின் கடன் அவருடைய சொந்தக் கடன். அவர் பெயரில் உள்ள எந்தச் சொத்தையும் ஜப்தி கேட்கலாம். பங்குதாரர் நிறுவனம் என்றால் நிறுவனச் சொத்தும், வழக்கில் தரப்பினராக்கி அறிவிப்புக் கொடுக்கப்பட்ட பங்குதாரர்களின் சொத்தும். கம்பெனி என்றால் நிலைமை கடினம். தீர்ப்பு கம்பெனி மீது மட்டும் இருந்தால் இயக்குநரின் சொந்த வீட்டைத் தொட முடியாது. நிறுவன விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கம்பெனியின் பெயரைத் தேடி, பதிவு முகவரி, இப்போதைய இயக்குநர்கள், கம்பெனி உயிரோடு இருக்கிறதா அல்லது பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதா என்று பார்த்து அச்செடுங்கள்.

திவால் நடவடிக்கை தொடங்கிவிட்ட கம்பெனி என்றால் அதன் மீது நிறைவேற்று மனு நகராது. பொது அறிவிப்பில் உள்ள கடைசித் தேதிக்குள், நியமிக்கப்பட்ட திவால் நிபுணரிடம் உங்கள் தீர்ப்பைக் காட்டி உரிமைக் கோரிக்கை கொடுங்கள்.

வங்கிக் கணக்கைத் தேடி அலைய வேண்டாம். நீங்கள் முதலில் பணம் அனுப்பிய ரசீதிலேயே அவர்களின் வங்கிக் கணக்கு எண்ணும் கிளைக் குறியீடும் இருக்கும். காசோலையாகக் கொடுத்திருந்தால், அது எந்த வங்கியில் கணக்காக்கப்பட்டது என்று உங்கள் வங்கியில் எழுத்தில் கேளுங்கள்.

6. 71ஆம் பிரிவா, 72ஆம் பிரிவா?

71ஆம் பிரிவின் கீழ் ஆணையத்தின் உத்தரவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றப்படும். வங்கிக் கணக்கை முடக்கலாம், பொருள்களையும் நிலத்தையும் ஜப்தி செய்யலாம், ஏலம் விடலாம். எதிர்தரப்பிடம் என்ன சொத்து இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாவிட்டால், அவரே பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும் என்று கேட்கலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் கட்டளை, 41ஆம் விதி இதற்குத்தான். இந்த மனுவைப் பலரும் போடுவதில்லை. போட்டுப் பாருங்கள், அதுவரை தொலைபேசியை எடுக்காதவர்கள் எடுப்பார்கள்.

72ஆம் பிரிவு தண்டனைக்கானது. உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதம் உங்களுக்கு வராது. தண்டனை அனுபவித்ததால் உங்கள் கடன் தீர்ந்துபோகவும் செய்யாது.

இரண்டையும் தனித்தனி மனுவாகப் போடலாம். சொத்து விவரம் கையில் இருந்தால் 71 போதும் என்பது என் கருத்து. பணம் இருந்தும் இழுத்தடிப்பவர், முகவரி மாற்றிக்கொண்டே இருப்பவர் என்றால் 72ஐயும் சேருங்கள். வாரண்ட் வரும் என்று தெரிந்தால் பேச்சு மாறும். ஆனால் 72இல் நடைமுறை குற்ற வழக்கைப் போலப் போகும். குற்றச்சாட்டு, சாட்சி, ஜாமீன் என்று நீளும். அதை மட்டும் நம்பி 71ஐ விட்டுவிடுவது சரியல்ல.

7. மனுவோடு வைக்க வேண்டியவை

தீர்ப்பின் சான்றிட்ட நகல். கணக்குத் தாள். அனுப்பிய கடிதம், அஞ்சல் ரசீது, சேர்ந்த சான்று. எதிர்தரப்பின் பெயர், முகவரிக்கான அச்செடுத்த பக்கங்கள். பணம் அனுப்பிய வங்கி ரசீது. உங்கள் அடையாள அட்டை நகல். எல்லாம் உண்மை என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம்.

மனுவில் வழக்கு எண், தீர்ப்புத் தேதி, மேல்முறையீடு உண்டா இல்லையா, இதுவரை ஏதாவது பணம் வந்ததா, பாக்கி எவ்வளவு, ஆணையம் எந்த வகையில் வசூலித்துத் தர வேண்டும் என்ற விவரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். கடைசி விவரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ‘பணம் பெற்றுத் தர வேண்டுகிறேன்’ என்று பொதுவாக எழுதினால் ஆணையம் அறிவிப்பு அனுப்புவதோடு நிற்கும். இன்ன வங்கி, இன்ன கிளை, இன்ன கணக்கு, இவ்வளவு தொகை வரை முடக்க வேண்டும் என்று எழுதுங்கள்.

மனு கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். தமிழில் உள்ள ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையாவது வைப்பதானால் மொழிபெயர்ப்பையும் சேருங்கள். அம்மா, அப்பா பெயரில் வழக்கு, அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்றால், பிரமாணப் பத்திரத்தின் முடிவில் ‘இதன் உள்ளடக்கம் எனக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டு கையெழுத்திட்டேன்’ என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அல்சூர், சிவாஜிநகர் பக்கம் தமிழ் பேசும் நோட்டரிகள் கிடைப்பார்கள். படித்துக் காட்டியே கையெழுத்து வாங்குவார்கள்.

எத்தனை செட் வேண்டும் என்று பதிவகத்தில் கேட்டுக்கொண்டு நகல் எடுங்கள். எதிர்தரப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒன்று, உங்களுக்கு முத்திரை பெற்ற ஒன்று என்று கணக்கில் வையுங்கள். ஈ-ஜாக்ரிதி தளத்தின் வழியாகவும் தாக்கல் செய்யலாம். எண் கிடைத்ததும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வழக்கு எண்ணை வைத்துத் தேடினால் புதிய மனுவின் தேதி தெரியாது.

8. செலவு

மாவட்ட ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குப் புகார்க் கட்டணமே இல்லை. நிறைவேற்று மனுவில் உங்கள் செலவு பெரும்பாலும் நகல், நோட்டரி, தபால், போக்குவரத்து. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, நீங்களே வாதாடலாம். வைப்பதென்றால் கட்டணத்தை முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். ‘வசூலாகும் தொகையில் இத்தனை சதவீதம்’ என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வழக்கறிஞர்கள் அப்படிக் கட்டணம் பேசுவது அவர்களின் தொழில் விதிகளுக்கே எதிரானது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்றாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. எண் 15100. நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலும் பேசலாம், ஆனால் அது புகாருக்கு முந்தைய கட்டத்துக்கு. தீர்ப்பை நிறைவேற்றித் தர அவர்களால் முடியாது.

9. விசாரணை நாள்கள்

முதல் தேதியில் அறிவிப்பு அனுப்ப உத்தரவு. அறிவிப்பு சேராமல் திரும்பினால் வேறு முகவரி கொடுக்கச் சொல்வார்கள். 5ஆம் படியில் எடுத்து வைத்த பக்கங்கள் அப்போது கைகொடுக்கும். எதிர்தரப்பு வந்தால் அவகாசம் கேட்பார்கள். அவகாசத்தை எதிர்க்க வேண்டாம். ஆனால் ‘அடுத்த தேதிக்குள் இவ்வளவு கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுங்கள்’ என்று கேளுங்கள். வெறும் வாய்தா கொடுப்பதற்கும் நிபந்தனையோடு கொடுப்பதற்கும் மாதக்கணக்கில் வித்தியாசம் வரும். நீங்கள் வராத நாளில் மனு தள்ளுபடியாகலாம். ஊருக்குப் போவதாக இருந்தால் வேறொருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்து அனுப்புங்கள்.

முழுவதும் முடிய சில மாதம் ஆகலாம், ஓராண்டைத் தாண்டவும் செய்யலாம். பொங்கலுக்குள் பணம் வந்துவிடும் என்று நம்பி வேறு யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

10. சமரசம் பேச வரும்போது

மனு எண் விழுந்த பிறகு அழைப்பு வரும். என் விஷயத்தில், வேலை நடந்த காலத்தில் வந்துபோன மேற்பார்வையாளர், கிருஷ்ணகிரிக்காரர், பேசினார். ‘அக்கா, முதலாளி ரொம்பக் கஷ்டத்தில் இருக்கிறார். பாதியை வாங்கிக்கொண்டு கேஸை முடித்துவிடுங்கள். செக் இன்றைக்கே தருகிறோம், மனுவை வாபஸ் வாங்கும் தாளில் மட்டும் ஒரு கையெழுத்து.’ நம் ஊர்க்காரர், நம் பாஷை, மனம் இளகத்தான் செய்யும். கையெழுத்துப் போடாதீர்கள்.

தொகையைக் குறைப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். குறைப்பதானாலும் வரிசை மாறக் கூடாது: முதலில் பணம் கணக்கில் ஏற வேண்டும், பிறகே கையெழுத்து. வங்கி வரைவோலையோ நேரடிக் கணக்கு மாற்றமோ கேளுங்கள். காசோலைதான் என்றால் தேதி போட்டு வாங்கி, அது பணமான பிறகே ஆணையத்தில் எழுதிக் கொடுங்கள். காசோலை திரும்பினால், திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர்களுக்கு எழுத்தில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்புக் கிடைத்து 15 நாளில் பணம் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் வழக்குப் போடலாம். தவணையாகத் தருவதாகச் சொன்னால், தவணைத் தேதிகளை ஆணையத்தின் முன் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒரு தவணை தவறினாலும் தீர்ப்பின் முழுத்தொகையும் உயிர்பெறும் என்ற வரி அதில் இருக்க வேண்டும்.

11. பணம் வந்ததும்

எதிர்தரப்பு ஆணையத்தில் பணம் கட்டியிருந்தால், அதை விடுவிக்கக் கோரித் தனி மனு வேண்டும். அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல், ரத்து செய்த காசோலை மூன்றையும் வையுங்கள். தீர்ப்பில் உள்ள பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலிலேயே பாருங்கள். தமிழ்ப் பெயர்களில் இனிஷியல்தான் பிரச்சினை: ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, வங்கியில் ஓர் எழுத்து மட்டும், தீர்ப்பில் இனிஷியலே இல்லாமல் என்று மூன்று விதமாக இருக்கும். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவருடையவையே என்ற பிரமாணப் பத்திரம் ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டால் ஒரு தேதி மிச்சம்.

பகுதிப் பணம்தான் வந்தது என்றால் ‘பகுதித்தொகை பெறப்பட்டது, பாக்கி இவ்வளவு’ என்று எழுதிக் கொடுங்கள். ‘முழுதும் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளைப் பாக்கி இருக்கும்போது கொடுத்தால் மனு அங்கேயே முடிந்துவிடும்.

வட்டிப் பகுதிக்கு வருமான வரி உண்டு. அதில் டிடிஎஸ் (பணம் கொடுப்பவரே பிடித்துக் கட்டும் வரி) பிடித்திருந்தால் உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரி இணையதளத்தில் பாருங்கள். அசலுக்கும் வட்டிக்கும் இழப்பீட்டுக்கும் தனித்தனியாக எவ்வளவு வந்தது என்ற கணக்கை அந்த ஆண்டு வரிக் கோப்பிலேயே வைத்துவிடுங்கள்.